டர்பனில் இருக்கும் பங்காளிக்கு எழுதுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கடித நகல் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் தமிழ்க் குடும்பங்களின் கொடிவழியை இணைய வம்சாவளித் தளங்களில் ஏற்றி வைத்திருக்கும் பதினைந்து பேருக்கு இதே கடிதத்தை அனுப்பியதாகவும், இரண்டு மாதமாகியும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். "அங்கே இருப்பவர்களுக்கு ஊர் ஞாபகமே விட்டுப்போய்விட்டதா ஐயா?" என்று கடைசியில் ஒரு கேள்வி.

விட்டுப்போகவில்லை. ஆடி மாதம் டர்பன் பக்கத்துக் கோயில்களில் இன்றும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். பாட்டனுக்குப் பாட்டன் எந்தக் கிராமத்தில் கப்பலுக்குக் கிளம்பினான் என்று தெரிந்துகொள்ள ஆவணக் காப்பகத்தில் காத்துக்கிடக்கிறவர்களும் நிறைய. கோளாறு உன் கடிதத்தில்தான் இருக்கிறது. உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இந்த வேலையில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் பலரும் கிட்டத்தட்ட இதே கடிதத்தைத்தான் ஊர் உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.

உன் கடிதம் இப்படித் தொடங்குகிறது: "நான் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த குடும்ப வரலாற்று ஆய்வாளன். உங்கள் முன்னோர்கள் பற்றிய எல்லாத் தகவல்களையும் ஆவணங்களையும் அனுப்பினால் என் ஆய்வுக்கு உதவியாக இருக்கும்." பிறகு ஒரு பத்தி முழுக்க நீ வாங்கிய பட்டம். பிறகு, அவர்கள் என்ன சாதி என்று ஒரு கேள்வி. கடைசியில் உன் செல்பேசி எண்.

இதைப் படிக்கப்போகிறவர் யார் என்று கொஞ்சம் யோசி. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ செவிலியராகவோ இருக்கலாம். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீடு. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தை வைத்து டர்பன் நகரத்துக்குள்ளும் சுற்றிலும் இருந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்து, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். வீட்டோடு சேர்ந்து அக்கம்பக்கத்து உறவு, கோயில், பெட்டியில் கிடந்த பழைய காகிதம் எல்லாம் சிதறிய தலைமுறை அது. அவர் தளத்தில் போட்டிருக்கும் கொடிவழி சும்மா வந்ததில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துக் கட்டுகள், கல்லறையில் பாதி அழிந்த எழுத்து, சாகக் கிடந்த அத்தை சொன்ன இரண்டு பெயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அப்படிப்பட்டவரிடம் "எல்லாத் தகவல்களையும் அனுப்புங்கள்" என்றால் என்ன தோன்றும்? உனக்கு முன்னால் அவருக்கு எழுதியவர்களில், பூர்வீகக் கோயிலைக் காட்டித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டவனும், கொடிவழியை அப்படியே அள்ளித் தன் பெயரில் போட்டுக்கொண்டவனும் இருந்திருப்பார்கள். உன் கடிதத்தையும் அந்தக் கட்டிலேயே சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.

கேட்பதற்கு முன்னால் கொடு. இந்தக் கடிதம் முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான். அவரிடம் கப்பல் பட்டியல் இருக்கிறது. உன்னிடம் ஊர் இருக்கிறது. குடியாத்தத்தில் பிறந்து, சைக்கிளில் சுற்றுக் கிராமமெல்லாம் போய்வந்தவன் நீ. ஒரு தாலுகா வரைபடத்தை விரித்து, "இந்த எழுத்துக்கூட்டல் இந்த ஊராகத்தான் இருக்க வேண்டும்" என்று சொல்ல முடிகிற ஆள் டர்பனில் கிடைக்கமாட்டான். உன் கடிதத்தில் பட்டம் இருந்தது, இது இல்லை.

கப்பல் பட்டியலைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்காக. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். அந்தப் பட்டியல்களை டர்பனில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றினார்கள். சுரேந்திர பானா அவற்றை வைத்தே 1991இல் ஒரு புத்தகம் எழுதினார். நம் வட ஆற்காடு எவ்வளவு பேரை அனுப்பியது என்று அதில் பார்த்தால் உனக்கே திகைப்பாக இருக்கும்.

இப்போது உன் கடிதத்தை மாற்றி எழுதுவோம். கோவிந்தன் என்று ஒருவர் 1889இல் போனதாக வைத்துக்கொள். அவருடைய கொள்ளுப்பேத்திக்கு நீ எழுதுகிறாய்:

"வணக்கம். உங்கள் கொடிவழியில் உள்ள கோவிந்தன் பற்றி எழுதுகிறேன். நேட்டால் எண் இது, கப்பல் இது. பட்டியலில் அவர் ஊர் என்று எழுதியிருப்பது, எனக்குத் தெரிந்தவரை, குடியாத்தம் தாலுகாவில் உள்ள இரண்டு கிராமங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய தாலுகா வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு ஊரும் எனக்குப் பக்கம்; போய்ப் பார்த்து வரமுடியும். எந்த ஊர் என்று பிரித்தறிய ஒன்று தெரிந்தால் உதவும்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சாமிக்குப் படைத்தார்கள் என்று நினைவிருக்கிறதா? நான் வரலாறு படித்தவன், குடியாத்தத்துக்காரன். இதற்குப் பணம் வாங்குவதில்லை. பதில் எழுதத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, வரைபடம் உங்களுக்குப் பயன்படட்டும்."

இவ்வளவு போதும். ஒரு ஆள், ஒரு ஆவணம், ஒரு கேள்வி. யாரைப் பற்றி எழுதுகிறாய் என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. தளத்தில் நாலாயிரம் பேரை ஏற்றி வைத்திருப்பவருக்கு "உங்கள் குடும்பம்" என்று எழுதினால் எந்தக் குடும்பம் என்று எப்படித் தெரியும்? கேள்வி ஒன்றுதான் என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் பதில் எழுதிவிட முடியும். எட்டுக் கேள்வி இருந்தால் "ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதலாம்" என்று தள்ளிவைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வராது. ஆங்கிலத்தில் எழுது, அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ரியூனியன், குவாதலூப்புக்கு என்றால் பிரெஞ்சு. மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடு. வாக்கியம் எங்காவது மரியாதைக் குறைவாக விழுந்திருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

பெயரை நம்பாதே, எண்ணை நம்பு. துறைமுகத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார், படையாச்சி மட்டும் எப்படியோ தப்பினார். கப்பலேறிய தலைமுறைக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது. பள்ளிக்கூடத்திலும் பதிவு அலுவலகத்திலும் கேட்டபோது ஒரு பிள்ளை தகப்பன் பெயரைச் சொன்னது, இன்னொரு பிள்ளை பட்டப்பெயரைச் சொன்னது. கூடப் பிறந்த அண்ணன் தம்பிகளின் வாரிசுகள் இன்று இரண்டு குடும்பப் பெயரோடு, ஒருவரை ஒருவர் தெரியாமல் ஒரே தளத்தில் இருக்கிறார்கள். மொரீஷியஸில் வேலாயுதன் 'வாலேடன்' ஆகியிருப்பார். பிரெஞ்சுத் தீவுகளில் முத்துசாமியை எழுதும் கூட்டலே வேறு. இத்தனை வடிவத்திலும் தேடுவது நல்லதுதான். ஆனால் நேட்டாலில் அந்தக் குடியேறி எண் கல்யாணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும்கூடத் தொடர்ந்து வரும். இரண்டு கொடிவழிகள் ஒரே ஆளைத்தான் பேசுகின்றனவா என்பதை எண் ஒன்றே தீர்த்துவைக்கும். அது உன் கையில் இல்லாவிட்டால் எழுதாதே, இன்னும் கொஞ்சம் தேடு.

ஊர்ப்பெயர் இதைவிடக் கஷ்டம். அங்கேதான் உன் உதவி அவர்களுக்கு மிகவும் தேவை. பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருப்பதைப் பார்த்துவிட்டு அவர்கள் இன்றைய வரைபடத்தில் தேடுவார்கள், கிடைக்காது. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூரே மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. 1880இல் வட ஆற்காட்டுக்காரராகப் போனவரின் கிராமம் இன்று நான்கு தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஒன்றிலோ ஆந்திராவிலோ இருக்கலாம். திருத்தணிப் பக்கம் என்றால் ஆந்திராவுக்குப் போய் 1960இல் திரும்பி வந்த ஊராகக்கூட இருக்கலாம். கீழ், மேல், பெரிய, சின்ன என்ற முன்னொட்டுகள் பட்டியலில் விழுந்துபோயிருக்கும். புதூர் என்று மட்டும் எழுதியிருந்தால், சாமி, நீயும் நானும் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

கோயிலுக்கு என்று வேடிக்கைக்குச் சொன்னாலும், வழி அதுதான். ஊர் பெயர் மறந்த குடும்பத்திலும் குலதெய்வத்தின் பெயர் தங்கியிருக்கும். பொருள் தெரியாமல், உச்சரிப்பு மாறி, ஆனாலும் தங்கியிருக்கும். ஆட்டுக்குப் பதில் பூசணிக்காய் வெட்டுவார்கள், எந்த மாதம் என்று சரியாகச் சொல்வார்கள். கெங்கையம்மன் என்று ஒருவர் எழுதினார் என்றால் உடனே குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குப் பாய்ந்துவிடாதே. வேலூர், சித்தூர், காஞ்சிபுரம் வட்டாரம் முழுக்கவே அவள் இருக்கிறாள். நேட்டாலிலேயே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமிருந்து அந்த வழிபாடு ஒட்டியிருக்கவும் கூடும். ஊரே பொதுவாகக் கும்பிடும் அம்மன் பெயரால் பெரிய உபயோகம் இல்லை. வேறெங்கும் கேட்டிராத ஒரு வேடியப்பனோ வீரனோ வந்தால் நிமிர்ந்து உட்கார். அந்த வட்டாரத்தில் அந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்கிற பங்காளிகள் யார் யார் என்று கேட்டுப் பார்க்க உனக்கு ஒரு நாள் போதும்.

சாதியைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். முதல் கடிதத்தில் கேட்காதே. இரண்டாவதிலும் கேட்காதே. நம் டீக்கடையில் உட்கார்ந்ததும் நேராகவோ சுற்றிவளைத்தோ வருகிற அந்தக் கேள்வி, நாலு தலைமுறையாக அதற்கு வெளியே வளர்ந்த ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு ஆய்வுக்கு வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. கிராமத்துக்குப் போனால் எந்தத் தெருவில் விசாரிப்பது என்பது அதில்தான் இருக்கிறது, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் பட்டியலில் அந்தக் கட்டம் உன் கண்ணுக்கும் தெரிகிறது அல்லவா? பார்த்து உனக்குள் வைத்துக்கொள்.

அந்தக் கட்டத்தையும் முழுதாக நம்பிவிடாதே. சொன்னவன் ஒன்று சொல்லியிருப்பான், எழுதியவன் ஒன்று எழுதியிருப்பான். கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் பெயர் கொடுக்கும்போது ஊரில் சுமந்த சாதியைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. மூன்று தனிச் சாதிகளை ஒரே சொல்லில் அடைத்த குமாஸ்தாவும் உண்டு. கரையேறிய பிறகு பட்டப்பெயர்கள் எப்படி ஒட்டின என்பதை மேலே சொன்னேன். ஆகவே இன்றைய குடும்பப் பெயர் கவெண்டர் என்பதால் கொங்குக் கவுண்டர் என்று முடிவு கட்டுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. அவரே ஒருநாள் கேட்டால் சொல். மழுப்பாதே. "பட்டியலில் இப்படி எழுதியிருக்கிறது" என்று, எழுத்துக்கு எழுத்து, எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல். "நீங்கள் இன்ன சாதி" என்று மட்டும் சொல்லாதே. அதைச் சொல்லும் வேலை உன்னுடையதல்ல. ஊரைப் பார்க்க வருகிறேன் என்று அவர் கிளம்பினால் அப்போது இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டிவரும். மாலையோடு பெரிய தெருவில் இறங்கி, முன்னோர் வாழ்ந்தது அந்தத் தெரு இல்லை என்று அங்கே வைத்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு யாரையும் ஆளாக்கக் கூடாது.

இதே எச்சரிக்கை பெண்கள் விஷயத்திலும் வேண்டும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விதி இருந்ததால் தனியாக வந்த பெண்களையும் ஏற்றினார்கள். டிப்போவிலும் கப்பலிலும் புதுத் துணை தேடிக்கொண்டார்கள். ஊரில் ஒரு மனைவி, நேட்டாலில் ஒரு மனைவி என்று வாழ்ந்த ஆண்களும் இருந்தார்கள். கைக்குழந்தையோடு தனியாக ஒரு பெண்ணைப் பட்டியலில் பார்த்து, வேறு ஒருவரின் கொடிவழியில் அந்தக் குழந்தைக்குத் தகப்பன் பெயர் இருப்பதையும் பார்த்தால், துப்பறிந்துவிட்டேன் என்று துள்ளிக் கடிதம் எழுதாதே. அவர்கள் வீட்டில் அந்தக் கதை தெரிந்திருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கலாம். பட்டியலின் அந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேள். ஆம் என்றால் அவராகவே தொடர்வார்.

தளங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அவற்றை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் மனதில் வை. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் போன்றவற்றில் ஆளுக்கு ஒரு கொடிவழி. அது அவர் வீட்டுத் தோட்டம் மாதிரி, கேட்டுத்தான் நுழைய வேண்டும். ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ, ஜெனி இவற்றில் உலகத்துக்கே ஒரே மரம். பலர் கை வைக்கலாம். கை வைக்கலாம் என்பதற்காக வைத்துவிடாதே. நீ திருத்தப்போகும் கொள்ளுத்தாத்தாவை யாரோ ஒரு பேத்தி ஏற்றியிருக்கிறாள். ஃபேமிலிசர்ச்சில் மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு பெட்டி இருக்கிறது. பலர் காலியாக விட்டுப் போகிறார்கள். நீ அதில் ஆவணத்தின் பெயரையும் எண்ணையும் எழுது, அதற்கும் முன்னால் ஏற்றியவருக்கு ஒரு செய்தி அனுப்பு. தவறு கண்ணில் பட்டால், "உங்கள் கொடிவழி தப்பு" என்று யாருக்கும் எழுதாதே. தாய் பிறந்த வருஷத்துக்கு முன்னால் மகன் பிறந்திருப்பதாக நாற்பது கொடிவழிகளில் இருக்கும். தளம் காட்டிய குறிப்பை ஒருவரைப் பார்த்து ஒருவர் அழுத்தியதால் வந்தது. பக்கத்தின் படத்தை அனுப்பி, "நான் வயதை இப்படி வாசிக்கிறேன், உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டுப் பார். தானாகத் திருத்திக்கொள்வார், உனக்கு நன்றியும் சொல்வார்.

மரபணுப் பரிசோதனையில் உறவு காட்டியதாக மூன்று பேரைக் குறித்திருந்தாய், "மிக நெருங்கிய சொந்தம் ஐயா" என்று ஆச்சரியக்குறி போட்டு. கொஞ்சம் பொறு. எள்ளுத்தாத்தா ஒருவரே ஆன இருவருக்குள் சராசரியாக எழுபது சொச்சம் சென்டிமார்கன் (மரபணுத் துண்டை அளக்கும் அலகு) ஒத்துப்போகும் என்பது, முன்னோர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாதவர்கள் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. நம் வீட்டில் நிலைமை என்ன? அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று நாலு தலைமுறை உள்ளுக்குள்ளேயே கொடுத்து வாங்கியிருக்கிறோம். ஒரே முன்னோர் மூன்று வழியில் வந்து சேர்வார். சின்னச் சின்னத் துண்டுகள் கூடி மொத்தம் பெருத்துக் காட்டும். தளம் இரண்டு தலைமுறை நெருக்கிச் சொல்லிவிடும். மொத்தத்தைப் பார்க்காமல் மிக நீளமான ஒரே துண்டு எவ்வளவு என்று பார். அது சின்னதாக இருந்தால் சொந்தம் தூரத்துச் சொந்தம்தான். அவருக்கு எழுதும்போதும் "நாம் நெருங்கிய உறவு" என்று தொடங்காதே. அவர் அதை நம்பி வீட்டில் பந்தி போட்டுவிடுவார். பரிசோதனைக் கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு: எச்சில் கொடுத்தது பாட்டி, கடிதம் போய்ச் சேர்வது பேரனுக்கு. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில், உறவுகளைக் காட்டும் வசதி வழியாகவே 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. நிறுவனமும் 2025இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. அதற்குப் பிறகு பலர் தயங்குகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பதில் வராதது பெரும்பாலும் கோபத்தால் அல்ல. தளத்துக்கு வருவதையே விட்டிருப்பார். சந்தா தீர்ந்திருக்கும். அறிவிப்பு மின்னஞ்சல் குப்பையில் விழுந்திருக்கும். இறந்தும் போயிருக்கலாம், கொடிவழி மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஆன்செஸ்ட்ரியில் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று பக்கத்திலேயே தெரியும், எழுதுமுன் பார்த்துக்கொள். ஆறு வாரம் கழித்து ஒரு முறை, புதிதாக ஏதாவது கையில் இருந்தால் மட்டும், மறுபடி எழுது. அதற்கு மேல் வேண்டாம். முகநூலில் ஆளைத் தேடிப்பிடித்து, மகளுக்கும் மருமகனுக்கும் செய்தி அனுப்புகிற வேலை நமக்கு வேண்டவே வேண்டாம்.

பதில் வந்தால் வேலை கூடுகிறது. ஒரு நோட்டில் தேதி, தளம், யார், நீ என்ன அனுப்பினாய், அவர் என்ன அனுப்பினார், அதை நீ வெளியே காட்டலாம் என்று சொன்னாரா என்பதை எழுதிவை. கடைசிக் கட்டம் முக்கியம். அவர் அனுப்பிய பாட்டி படம் உனக்கு அனுப்பியது; தளத்தில் ஏற்றச் சொல்லி அனுப்பியதில்லை. தளத்தின் அஞ்சல்பெட்டியிலேயே எல்லாவற்றையும் விட்டுவைக்காதே, நகல் எடுத்துக்கொள். உயிரோடு இருக்கிறவர்களின் பிறந்த தேதி, தாய்வழிக் குடும்பப் பெயர் இவற்றைக் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். வெளிநாட்டு வங்கிகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டு ஆளைச் சரிபார்க்கிற வழக்கம் உண்டு. ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும்வரை இறந்தவர்களைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இந்தப் பக்கத்தையும் மறந்துவிடாதே. நீ கிராமத்தில் போய் "உங்கள் பாட்டனாரின் அண்ணன் கப்பலேறினாரா?" என்று கேட்டால், திண்ணையில் இருப்பவர் மனதில் முதலில் ஓடுவது பட்டா சிட்டாதான். நூற்று முப்பது வருஷம் கழித்துப் பங்கு கேட்டு ஆள் வருகிறதோ என்ற பயம். அதில் அர்த்தமும் இருக்கிறது. பாகப்பிரிவினை முடியாத ஒரு துண்டு நிலம் எந்த வீட்டில் இல்லை? நிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முதலிலேயே சொல். அவர்கள் சம்மதிக்காமல் பெயரையோ படத்தையோ டர்பனுக்கு அனுப்பாதே. ஒப்பந்தம் முடிந்து திரும்பிவந்தவர்களின் குடும்பங்களும் நம் பக்கம் உண்டு என்பதால், "போனவர்" என்று மட்டும் கேட்காமல் "போய்வந்தவர்" என்றும் கேள். சில வீடுகளில் அந்தக் கேள்விக்குத்தான் கதவு திறக்கும்.

பணம் பற்றி ஒன்று. நீ இப்போது வாங்குவதில்லை, நல்லது. நாளை இதுவே தொழிலானால் வாங்குவதில் தப்பில்லை. முதல் கடிதத்திலேயே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் "இன்ன ஊர்தான் என்று உறுதியாக எழுதிக்கொடுங்கள், ஓசிஐ அட்டைக்கு வேண்டும்" என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற அந்த அட்டையைப் பெற மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை தகுதி என்று 2024இல் அறிவித்த பிறகு அந்தத் தீவிலிருந்து இந்தத் தேடல் கூடும். மொரீஷியஸ் என்றால் அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. அவர்களை அங்கே விண்ணப்பிக்கச் சொல். நீ எழுதித்தர வேண்டியது நீ பார்த்ததை மட்டும். இரண்டு ஊரில் ஒன்று என்றால் இரண்டு ஊரில் ஒன்று என்றுதான் எழுத வேண்டும், எதிரே இருப்பவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

அந்தப் பதினைந்து பேரில் யாருக்கு முதலில் எழுதலாம்? ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஆவணத்தைக் குறித்து வைத்திருப்பவர்கள் உன் பட்டியலில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் தொடங்கு. முதல் கடிதத்துக்கு ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மூவருக்கும் தனித்தனியாக எழுது. பேர்ணாம்பட்டுப் பக்கம் என்று நீ குறித்திருக்கும் ஊரை மட்டும், எழுதுவதற்கு முன் சித்தூர்ப் பக்கத்துப் பழைய வரைபடத்திலும் ஒரு முறை தேடிப் பார். எல்லை தாண்டி அதே பெயரில் இன்னொன்று இருந்தால் அதையும் கடிதத்தில் சேர்த்துவிடு. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை அங்கே கோடை விடுமுறை, வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு முன்னால் அனுப்ப முடிந்தால் அனுப்பு, இல்லையென்றால் பிப்ரவரிக்குத் தள்ளிவை. அனுப்புமுன் நகலை எனக்குக் காட்டு, வரைபடத்தோடு.

அன்புடன்,
உன் ஐயா